யூனிக்ஸ் பெயர்ச் சேவையில் உள்ளூர்த் தரவுத்தளத் தேடல்

பயனர் பெயர், குழு, கணினிப் பெயர், சேவைகளின் போர்ட் எண் முதலியவற்றை யூனிக்ஸ் கணினி எங்கே, எந்த வரிசையில் தேட வேண்டும் என்று வகுத்துவைக்கும் அமைப்பு பெயர்ச் சேவை எனப்படும். பிணையத்திலுள்ள சர்வரைக் கேட்காமல், சொந்த வட்டிலுள்ள உரைக் கோப்பையோ அதிலிருந்து தொகுத்த தரவுத்தளத்தையோ பார்ப்பது உள்ளூர்த் தேடல். இணைப்பு அறுந்த நேரத்திலும் ஒருவர் தம் கணினிக்குள் நுழைய முடிவது இதனால்தான்.

தொடக்க கால யூனிக்ஸில் தேடல் மிக எளிது. ‘பாஸ்வேர்டு’ கோப்பில் ஒரு வரிக்கு ஒரு பயனர். பெயர் கிடைக்கும்வரை நிரல் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போகும். பல்கலைக்கழகக் கணினிகளில் கணக்குகள் பெருகியபோது இந்த வழி தளர்ந்தது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் கென் தாம்சன் எழுதிய டிபிஎம் நூலகம் இருந்தது. தேடுசொல்லிலிருந்து கணக்கிட்டு நேரே உரிய பதிவுக்குப் போகும் முறை அது. 1986இல் வந்த பெர்க்லி யூனிக்ஸ் (பிஎஸ்டி) 4.3, பயனர் பட்டியலுக்கே இம்முறையைக் கொண்டுவந்தது. பிற்காலப் பிஎஸ்டி அமைப்புகளில் நிர்வாகி ‘விஐபிடபிள்யூ’ கட்டளையால் பட்டியலைத் திருத்தி முடித்ததும் தரவுத்தளம் தானாகவே புதிதாகத் தொகுக்கப்படும். மனிதரின் மறதிக்கு இடம் வைக்காத இந்த ஏற்பாடு, இத்துறையில் செய்யப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்று.

கணினிப் பெயர்களின் கதை வேறு வழியில் சென்றது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் கலிபோர்னியாவில் பராமரிக்கப்பட்டு, மற்றவர்களால் படியெடுக்கப்பட்டது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த, பெயர்களைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் அந்தச் சுமையை இறக்கியது. 1985 வாக்கில் சன் நிறுவனம், பயனர் பட்டியலையும் ஒரே சர்வரிலிருந்து பகிரும் ‘யெல்லோ பேஜஸ்’ சேவையைக் கொண்டுவந்தது. அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகப்பெயர் என்பதால் பின்னர் என்ஐஎஸ் ஆயிற்று.

இப்போது ஒரே கேள்விக்கு மூன்று இடங்களில் விடை இருந்தது. எதை முதலில் கேட்பது என்ற முடிவு சி நூலகத்தின் நிரலுக்குள் புதைந்து கிடந்தது. நிர்வாகி அதைத் தொட முடியாது. 1992இல் வந்த சன்னின் சோலாரிஸ் 2 அந்த முடிவை வெளியே எடுத்து, ‘என்எஸ்ஸ்விட்ச்’ என்ற சிறு உரைக் கோப்பில் வைத்தது. கணினியின் பொறுப்பாளர் யாரோ அவர் கையில் அதிகாரம் வந்து சேர்ந்த இடம் இதுதான். 1997இல் குனு சி நூலகத்தின் இரண்டாம் பதிப்பும், 1999இல் நெட்பிஎஸ்டியும் இதையே பின்பற்றின.

கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு பட்டியலுக்குரியது. ‘ஃபைல்ஸ்’ என்றால் உரைக் கோப்பு, ‘டிபி’ என்றால் தொகுத்த தரவுத்தளம், ‘டிஎன்எஸ்’ என்றால் பிணையம். இடப்புறத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். விடை கிடைத்தால் தேடல் நிற்கும், பெயர் இல்லையென்றாலோ அந்த மூலமே கிடைக்கவில்லையென்றாலோ அடுத்ததற்குப் போகும். இந்த நடத்தையைச் சதுர அடைப்புக்குள் நிபந்தனை எழுதி மாற்றலாம்.

குனு நூலகத்தின் ‘டிபி’ கூறு ஒரு காலத்தில் தனித் தொகுப்பாக, பெர்க்லி டிபி என்ற வெளி நூலகத்தை நம்பி இயங்கியது. அந்த வெளி நூலகம், நிரல் இயங்கும் கோப்பகத்திலேயே தன் அமைவுக் கோப்பைத் தேடும் பழக்கம் உடையது. அதனால் உள்ளூர்ப் பயனர் ஒருவர் உயர் அதிகார நிரலின் வழியே தமக்கு உரிமையில்லாத தகவலைப் படிக்க முடியும் என்பது 2010இல் தெரியவந்தது. குனு நூலகத்தின் 2.15ஆம் பதிப்பில் இக்கூறு பெர்க்லி டிபி இல்லாமலே புதிதாக எழுதப்பட்டு நூலகத்துக்குள் திரும்பியது. உரைக் கோப்புகளிலிருந்து தரவுத்தளத்தை ‘மேக்டிபி’ நிரல் தொகுக்கிறது.

இங்கே கவனம் வேண்டும். வரியில் ‘டிபி’ முன்னும் ‘ஃபைல்ஸ்’ பின்னும் இருந்து, உரைக் கோப்பை மட்டும் திருத்திவிட்டால், புதிதாகச் சேர்த்த பயனர் கிடைப்பார். ஏனெனில் தரவுத்தளத்தில் அவர் இல்லாததால் தேடல் உரைக் கோப்புக்கு நகரும். நீக்கப்பட்ட பயனரோ பழைய தரவுத்தளத்தில் தொடர்ந்து இருப்பார். சேர்த்தது வேலை செய்வதால் எல்லாம் சரியென்று நிர்வாகி நம்பிவிடுகிறார். நீக்கியதைச் சோதிப்பவர் குறைவு. திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி தொகுத்து, பெயரைத் தேடிக் காட்டும் ‘கெட்என்ட்’ கட்டளையால் சேர்த்தது, நீக்கியது இரண்டையும் பார்த்துவிடுவதே முறை.

தமிழ்நாட்டுக்கு இந்த அமைப்பு, குனு நூலகத்தைப் பயன்படுத்தும் லினக்ஸ் தொகுப்பான டெபியன் வழியாகவும் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸும் நிறுவப்பட்டது. அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கும் உரிய திட்டம் என்பதால், விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் லினக்ஸ் சொந்தக் கணினியிலேயே எட்டியது. டெபியனின் இயல்புநிலைக் கோப்பில் சேவைகள், நெறிமுறைகள் ஆகிய வரிகள் ‘டிபி ஃபைல்ஸ்’ என்றே எழுதப்பட்டுள்ளன. தொகுத்த தரவுத்தளம் இல்லாத கணினியில் முதல் மூலம் கிடைக்காமல் போக, உரைக் கோப்பு விடை சொல்லும். பயன்படுத்துபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கணினிப் பெயர் வரியில் ‘ஃபைல்ஸ்’ முன்னால் இருப்பதால், இணையமில்லாத பள்ளி ஆய்வகத்திலும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் எழுதிவைத்த பெயர்களைக் கொண்டு கணினிகள் ஒன்றையொன்று அழைக்கலாம்.

குனு நூலகத்தின் 2.33ஆம் பதிப்பிலிருந்து அமைவுக் கோப்பின் மாற்றத்தை இயங்கும் நிரல்கள் தாமே மறுபடி படித்துக்கொள்கின்றன. அதற்கு முந்தைய பதிப்புள்ள கணினிகளில் அவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும்.