அகாஸ்வேரு யார்?

எஸ்தர் கதையில வர்ற அகாஸ்வேரு ராஜா யாருன்னு ரொம்ப நாளா குடைஞ்சிட்டிருந்தேன். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அவரை அர்தசஷ்டா ஆக்கிவிட்டது. ஆனால் எபிரேயப் பெயர் அஹஷ்வேரோஷ். பாரசீகக் கல்வெட்டுகளில் க்ஷயார்ஷா என்றொரு மன்னர் இருக்கிறார். கிரேக்கர் வாயில் செர்க்சஸ் ஆனவர் இவர்தான். இரண்டு பெயரையும் சத்தமா சொல்லிப் பாருங்க, புரிஞ்சிடும்.

ஆட்சி கி.மு. 486–465. கதையில் மூன்றாம் ஆண்டு விருந்தில் வஸ்தி தள்ளப்படுகிறாள். எஸ்தர் ராணியாவது ஏழாம் ஆண்டில். நடுவுல ஏன் இத்தனை வருஷம்? கி.மு. 480-ல் ராஜா சலாமிஸ் கடற்போரில் கிரேக்கரிடம் தோற்றுக்கொண்டிருந்தார்!

இடிப்பது ராணிதான். ஹெரோடோட்டஸ் சொல்லும் ராணி அமெஸ்திரிஸ். வஸ்தியும் இல்லை, எஸ்தரும் இல்லை. ராஜா நிஜம்ங்கிறதுக்காக கதையும் நிஜம்னு நான் எழுத மாட்டேன்.