மாட்டு ஊசியும் பாறு கழுகும்

மாதவரம் பால்பண்ணை என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஆவின்தான் நினைவுக்கு வரும். 1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவரும் மருத்துவர்கள் மாட்டுக்கு டைக்ளோபினாக் ஊசி போடக் கூடாது, சட்டப்படி தடை. ஆனால் மனிதனுக்கு முதுகுவலி வந்தால் டாக்டர் சீட்டில் அதே மருந்துதான்! ஏன் இப்படி?

முதலில் வலிக்கு வருவோம். அடிபட்ட இடத்திலோ மடிநோய் கண்ட பசுவின் மடியிலோ, உடலே ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. இது ரத்தக் குழாய்களை விரிக்கும். அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். நரம்பு முனைகளும் கூருணர்வு பெற்றுவிடுவதால் லேசாகத் தொட்டாலே வலிக்கும். இதைத் தயாரிக்கும் நொதியைத்தான் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் முடக்குகின்றன என்று 1971-இல் கண்டுபிடித்தவர் ஜான் வேன். 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டைக்ளோபினாக் வேலை செய்வதும் இதே வழியில்தான்.

1990களில் இம்மருந்து மலிவாகி மாட்டு வைத்தியத்துக்கும் வந்தது. நொண்டும் மாடு எழுந்து நடந்தது, விவசாயிக்குச் சந்தோஷம். அதே காலத்தில் வடநாட்டில் பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் உண்மையைச் சொன்னது. ஊசி போட்ட சில நாளில் இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கிறது. உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிகிறது. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்றது இன்னொரு கணக்கு. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. ஆயிரத்துக்கு ஒன்று மிச்சம்!

2006-இல் கால்நடைக்கான டைக்ளோபினாக்கை அரசு தடுத்தது. ஆனால் வியாபாரம் வேறு வழி கண்டது. மனிதர்களுக்கென்று 30 மில்லி குப்பி கடைகளில் கிடைத்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 3 மில்லிதான், 75 மில்லிகிராம். அப்படியானால் அந்தப் பெரிய குப்பி யாருக்கு? மாட்டுக்குத்தான், இது ஊரறிந்த ரகசியம். 2015-இல் மத்திய அரசு குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-இல் நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. கம்பெனிகளுக்கு நஷ்டம்தான், ஆனால் பறவை செத்ததன் செலவு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறவில்லையே? கழுகு இல்லாமல் பிணங்கள் அழுகின, நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024-இல் இரு பொருளியல் அறிஞர்கள் கணக்கிட்டார்கள்.

மாற்று மருந்து இல்லாமலும் இல்லை. மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாது என்று 2006-லேயே தெரிந்துவிட்டது. கழுகைக் கொல்லும் கீட்டோபுரோபனுக்கும் அசெக்ளோபினாக்குக்கும் நாடு முழுவதும் கால்நடைத் தடை வந்ததோ 2023-இல்தான். தமிழ்நாட்டில் பாறுகள் இன்றும் கூடு கட்டும் முக்கிய இடம் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு அங்கே ஆற்றோர மரங்களில் கூடு கட்டி, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும்.