காகிதம் வரும் வரை வேலை இல்லை

1981-ம் வருடம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்கிறார். அவருடைய துணைவரும் பிரிட்டிஷ்காரர்தான், அங்கே வேலை பார்க்கிறார். இருவரும் பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்பவர்கள், கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. அந்தப் பெண் வேலை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1982-ல் "இவருடைய துணை என்ற முறையில் இங்கே தங்க அனுமதி கொடுங்கள்" என்று மனுப் போட்டார். முடியாது என்றது டச்சு அரசு. வழக்கு டச்சு உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 1986 ஏப்ரல் 17-ல் தீர்ப்பு. சட்டப் புத்தகங்களில் இதற்கு ரீட் வழக்கு என்று பெயர்.

இதில் என்ன சிக்கல்? ஐரோப்பாவில் ஒரு நாட்டுத் தொழிலாளி இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை பார்க்க 1968-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அவர் தன் மனைவி அல்லது கணவரையும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும் அங்கே வேலை பார்க்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் இருந்த சொல் 'வாழ்க்கைத்துணை'. தாலி கட்டாமல், மோதிரம் மாற்றாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அதற்குள் வருவார்களா?

வர மாட்டார்கள் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லின் பொருளை விரிக்கும் அளவுக்கு ஐரோப்பிய சமூகம் முழுவதும் மாறிவிட்டதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனாலும் அந்தப் பெண்தான் ஜெயித்தார்! எப்படி என்றால், நெதர்லாந்து தன் சொந்தக் குடிமக்களின் கல்யாணமாகாத வெளிநாட்டுத் துணைகளுக்குத் தங்கும் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. உன் ஆளுக்குக் கொடுப்பதை வந்த தொழிலாளிக்கும் கொடு, பாகுபாடு காட்டாதே என்றது தீர்ப்பு. முன்வாசலைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. அதாவது, அந்த நாடு தாராளமாக இருந்தால் உனக்கும் உண்டு, இல்லையென்றால் இல்லை. பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் விதை இங்கேதான் இருக்கிறது.

2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் பழைய சட்டங்களைத் திரட்டி 2004/38 என்ற எண்ணில் ஒரே ஆணையாகப் போட்டது. அதில் கல்யாணமான துணை 'குடும்ப உறுப்பினர்'. நீண்டகால உறவில் இருக்கும் கல்யாணமாகாத துணைக்கு அந்த அந்தஸ்து இல்லை. அவர்கள் வருவதற்கும் தங்குவதற்கும் நாடுகள் 'வசதி செய்து தர வேண்டும்', அவ்வளவுதான். உரிமை என்பது வேறு, வசதி என்பது வேறு இல்லையா?

இந்த வித்தியாசம் மாணவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பரீட்சையில் பாஸ் ஆனவனுக்கு மார்க்‌ஷீட் ஆறு மாதம் கழித்து வந்தாலும் அவன் பாஸ்தான். ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டியவன் ரிசல்ட் வரும் வரை ஃபெயில்தான். கல்யாணமான துணைக்குக் குடியிருப்பு அட்டை வெறும் மார்க்‌ஷீட். உரிமை ஏற்கெனவே இருக்கிறது, அட்டை அதற்குச் சாட்சி. கல்யாணமாகாத துணைக்கோ அந்த அட்டை கைக்கு வந்தால்தான் உரிமையே பிறக்கிறது.

பிரிட்டனில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கல்யாணமாகாத ஜோடிகள் பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1997-லேயே, நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் துணையைக் கூட்டி வரலாம் என்று சலுகை கொடுத்தார்கள். 1999-ல் அதை இரண்டு வருடமாகக் குறைத்து, 2000-ல் குடியேற்ற விதிகளிலேயே சேர்த்தார்கள். ஆனால் ஐரோப்பிய ஆணைக்காக 2006 ஏப்ரல் 30-ல் வந்த தனி விதிகளில், கல்யாணமாகாத துணை 'விரிந்த குடும்ப உறுப்பினர்' ஆனார். அட்டை கொடுத்த பிறகுதான் அவர் குடும்ப உறுப்பினராக நடத்தப்பட்டார்.

இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தாலும் கிடைத்தது வேறு வேறு. மனைவிக்கு வந்த ஒப்புகைச் சான்றிதழ் வேலை பார்க்கலாம் என்று சொன்னது. சேர்ந்து வாழும் துணைக்கு வந்தது வேலை பார்க்கக் கூடாது என்று சொன்னது. மனைவிக்கு ஆறு மாதத்துக்குள் அட்டை கொடுத்தாக வேண்டியிருந்தது. மற்றவருக்கு 'விரிவாக விசாரித்து' முடிவெடுக்க வேண்டியிருந்தது, காலக்கெடு கிடையாது. படிப்பதற்காக வந்தவர், படிப்பு விசா முடிகிற சமயத்தில் இப்படி விண்ணப்பித்தால் இன்னும் மோசமாக இருந்தது. இந்த விண்ணப்பம் பழைய விசாவை நீட்டிக்கவில்லை. அது முடிந்த அன்றே பார்த்துக்கொண்டிருந்த பகுதிநேர வேலையும் போய்விட்டது. வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் ஒருவர் சம்பளத்தில்.

கம்பெனிகளைக் குறை சொல்லியும் பயனில்லை. 2008 பிப்ரவரி 29 முதல், வேலை உரிமை இல்லாத ஒருவரைச் சேர்த்தால் தலைக்கு 10,000 பவுண்டு வரை அபராதம். 2014-ல் அது 20,000 ஆனது, 2024 பிப்ரவரியில் 60,000. இப்படி இருக்கும்போது எந்த முதலாளி ரிஸ்க் எடுப்பார்? கணக்குப் புத்தகத்தில் பார்த்தால், அரசாங்க அலுவலகத்தின் தாமதத்துக்கான செலவு அந்த ஜோடியின் பேரில் பற்று எழுதப்பட்டது.

நீதிமன்றம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2012-ல் ரஹ்மான் வழக்கில், எல்லா மனுவையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் ஒவ்வொருவரின் நிலைமையையும் உண்மையாகப் பரிசீலிக்க வேண்டும் என்றது. 2018-ல் பேங்கர் வழக்கு. தென் ஆப்பிரிக்கப் பெண், பிரிட்டிஷ் துணைவர். இருவரும் வாழ்ந்த நெதர்லாந்து அவருக்கு அட்டை கொடுத்திருந்தது! அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பியபோது, கல்யாணமாகவில்லை என்பதற்காக பிரிட்டன் மறுத்தது. அது தவறு, திரும்பி வரும் குடிமகனின் துணைக்கும் வசதி செய்து தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றது லக்ஸம்பர்க்.

அதற்குள் பிரெக்ஸிட் வந்துவிட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு பழைய விதிகளின் காலம் முடிந்தது. துருக்கியைச் சேர்ந்த ஒருவரும் ருமேனியாவைச் சேர்ந்த அவரது துணையும் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் செய்துகொள்ள முயன்றார்கள். கொரோனா கட்டுப்பாடுகளால் முடியவில்லை. 2021 ஏப்ரலில்தான் கல்யாணம் நடந்தது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செலிக் வழக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கெடு முடிவதற்குள் கல்யாணமும் ஆகவில்லை, பழைய விதிகளின்படி அந்த அட்டைக்கு அவர் மனுப் போட்டிருக்கவும் இல்லை.