ஜீவகாண்டத்தின் பேரெண்

பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பர்யாப்த மனிதரின் தொகையை ஒரே எண்ணாகக் கூறுகிறது:

79228162514264337593543950336

இருபத்தொன்பது இலக்கங்கள். ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கப்பட்டு வந்த ஒரு நூலில் இவை பிறழவில்லை என்று எங்ஙனம் துணிவது?

ஆசாரியர் இலக்கங்களை மட்டும் நம்பவில்லை. எண் பிறக்கும் வழியையும் உரைத்தார். இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தினது கனமே அது என்கிறார். இரண்டைத் தன்னாலேயே பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். அடுத்தடுத்து அவ்வாறே பெருக்க 16, 256, 65536 என வளர்ந்து, ஐந்தாவதாக 4294967296 வரும். இதனை மும்முறை வைத்துப் பெருக்கினால் மேற்கண்ட எண் கிடைக்கும். சுவேதாம்பர மரபின் அனுயோகத்வார சூத்திரமோ, ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்குமாறு கூறுகிறது. தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண் என்றும் அடையாளம் தருகிறது. ஆறாம் வர்க்கம் ஐந்தாவதைத் தன்னாலேயே பெருக்கி வந்ததாதலின், வழி வேறாயினும் எண் ஒன்றே. பல செய்திகளில் வேறுபடும் இரு மரபுகள் இங்கே இலக்கம் பிசகாமல் ஒத்துப்போகின்றன.

பாதியாகும் இத்தன்மைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். ஷட்கண்டாகமத்தின் தவளா உரையில் வீரசேனாசாரியர் இதன் விதிகளை விளக்குகிறார். இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும்: ஆறாம் வர்க்கத்துக்கு 64, ஐந்தாவதற்கு 32, ஆகவே 96. பிற்காலத்து மடக்கைக்கும் இதுவே அடிப்படை விதி. ஆயினும் 1614ஆம் ஆண்டு நேப்பியர் வெளியிட்ட மடக்கை அட்டவணையை நம்மவர் முன்னரே கண்டனர் என்று சிலர் பேசுவது மிகை. விதி பழையது; கணக்கீட்டுக்கான அட்டவணை அவருடையது.

நம் ஐயத்துக்கு விடையும் இங்கேயே உள்ளது. இவ்வெண்ணை இருமடங்காக்கினால் முப்பது இலக்கமாகிவிடும். எனவே இருபத்தொன்பது இலக்க எண்களுள், பின்னம் தோன்றாமல் தொண்ணூற்றாறு முறை பாதியாவது இது ஒன்றே. ஓர் இலக்கம் மாறினாலும் இடையில் எங்கேனும் பின்னம் எழும். இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்: 127, பின் 10, முடிவில் 1. ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அச்சோதனை அறியாது.

நேமிசந்திரர் இலக்கங்களைக் கடபயாதி முறையில் எழுத்துகளாக்கிச் செய்யுளில் வைத்தார். முதல் எழுத்து ஒன்றாம் தானத்தைக் குறிக்கும். வரிசை பின்னோக்கிச் செல்லும். தமிழருக்கு இதில் ஓர் இடர் உண்டு. தமிழின் 'த' என்னும் ஓரெழுத்து, அம்முறையில் 6, 7, 8, 9 என்னும் நான்கினுள் எதுவாகவும் இருக்கலாம். கிரந்த எழுத்தின்றித் தனித்தமிழ் எழுத்தில் அச்சிட்டால் செய்யுள் நிற்கும், எண் போய்விடும். நம் பதிப்புகளில் அச்செய்யுளின் கீழே இலக்கங்களையும் ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்ற குறிப்பையும் சேர்த்து அச்சிடுதல் வேண்டும்.