ஒரு பக்கத்துக்கு அரை மணி

வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த கேசட் கடிதம் செத்துப்போனபோது யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. 2013 ஜூலையில் தந்தி நின்றபோது, கடைசித் தந்தி கொடுக்க வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பேப்பரில் தலையங்கம்கூட வந்தது. கேசட் கடிதத்துக்கு அந்த மரியாதை இல்லை. அதற்குத் தபால்தலை கிடையாது, துறை கிடையாது, அதனால் ஓய்வுபெறும் நாளும் கிடையாது. ஒரு நாள் பார்த்தால் ஆளைக் காணோம், அவ்வளவுதான்.

இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். சவுதியில் இருப்பவர் வெள்ளிக்கிழமை லீவில் டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார். ஊருக்கு வரும் யாரிடமாவது அந்தக் கேசட்டைக் கொடுத்தனுப்புவார். வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்பார்கள். பிறகு வீட்டிலிருந்து பதில் பேசி அனுப்புவார்கள். போய்வர ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் பெர்லின் கண்காட்சியில் இந்தச் சின்னக் கேசட்டை வெளியிட்டது. பத்து வருஷம் கழித்து, 1973 கடைசியில், பெட்ரோல் விலை மூன்று நான்கு மடங்கு ஏறி வளைகுடாவில் பணம் கொட்டியது. கட்டடம் எழுப்பவும் குழாய் பதிக்கவும் ஏசி மாட்டவும் ஆள் தேவைப்பட்டது. போனவர்களில் பலருக்கு எழுத்து கொஞ்சம் தகராறு. அதைவிட, வீட்டில் கடிதத்தைப் படிக்க வேண்டிய அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அதுவரை தபாலாபீஸ் வாசலில் கார்டு எழுதிக்கொடுப்பவரையோ, எட்டாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனையோ கெஞ்ச வேண்டியிருந்தது. மகனிடம் சொல்ல வேண்டியதை ஊரார் காதுவழியாகச் சொல்லும் அவமானத்திலிருந்து அந்த அம்மாக்களை விடுவித்தது கேசட்தான். எந்தக் கல்வித் திட்டமும் அந்தத் தலைமுறைக்கு அதைச் செய்யவில்லை.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், ஆற்றுப் பக்கமிருந்த தரைத்தள வீடு எங்களுடையது. சித்தப்பா ஏசி மெக்கானிக். எண்பதுகளின் நடுவில் சவுதியிலுள்ள தம்மாமுக்குப் போனார். பத்தாவது முடிக்காதவர். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி பாஸ்போர்ட்டில் சீல் குத்தி, அதற்கென்று இருந்த அதிகாரியிடம் அனுமதி வாங்கித்தான் விமானம் ஏற முடிந்தது. அதுவும் தாதர் எக்ஸ்பிரஸ் பிடித்து பம்பாய் போய், ஏஜென்டின் கொட்டகையில் காத்துக் கிடந்து. முதல் லீவில் வந்தபோது கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்குள் டாங் பாட்டில், கோடாலித் தைலம், நைலக்ஸ் புடவைகளுக்கு நடுவே ஒரு நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன். அது பாட்டுக் கேட்பதற்கு என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள்.

பதிவு செய்வது ஒரு சடங்கு. சிவப்புப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் புயலில் பேசுவதுபோல் கேட்கும். குக்கரை இறக்கிவிட வேண்டும். முதலில் ஆயா. சவுதி ரொம்ப தூரம் என்பதால் கத்தித்தான் பேசுவார். "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக டூ இன் ஒன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நாடா ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் கையைக் காட்டி, "பேசு ஆயா, பேசு" என்று சைகை செய்வோம். அவர் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. மகன் அங்கே இதைக் கேட்கும்போது பதில் சொல்ல இடம் வேண்டும் இல்லையா என்பது அவர் கணக்கு. அடுத்த லீவில் வந்த சித்தப்பா, அந்த இடத்தில் தானும் "சாப்ட்டேம்மா" என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆயாவின் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வெற்றுக் கேசட் அன்று விலை அதிகம். அதனால் சினிமாக் கேசட்டின் மேலேயே பதிவு செய்வோம். கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும். அழித்துவிடாதபடி கம்பெனியே அங்கிருந்த பற்களை உடைத்து அனுப்பும். குழியில் செலோ டேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும், ரெக்கார்டு ஆகும். அட்டையில் 'முதல் மரியாதை' என்று இருக்கும். முதல் பாட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டு அதன்பின் பேச்சு. காரணம், சவுதி சுங்கத்தில் கேசட்டைப் போட்டுக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சாமி படம் உள்ள காலண்டர்கூட உள்ளே போகாத நாடு அது. சித்தி அந்தக் காதல் பாட்டுக்கும் ஆயாவின் குரலுக்கும் நடுவில், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தை இன்னொரு டேப்ரிக்கார்டரில் ஓடவிட்டுப் பதிந்து அனுப்புவார். இளையராஜாவின் துணையோடு முருகன் தம்மாம் போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்து வந்தவை வேறு மாதிரி. சித்தப்பாவின் குரலுக்குப் பின்னால் ஜன்னல் ஏசியின் உறுமல் எப்போதும் இருக்கும். நேரில் அவ்வளவாகப் பேசாத மனிதர். பதில் பேச எதிரே ஆள் இல்லாததால்தானோ என்னவோ, கேசட்டில் கதைசொல்லி ஆகிவிட்டார். சவரக்கடையில் முகத்துக்கு சோப்பு போட்டு ஒரு கன்னம் மழித்த நேரத்தில் தொழுகை அழைப்பு வந்துவிட்டதாம். துருக்கி பார்பர் கத்தியை வைத்துவிட்டு ஷட்டரை இறக்கி, விளக்கையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் இருட்டில், பாதி முகத்தில் நுரை காய்ந்துபோக, ஒரு எகிப்துக்காரரும் இவரும் உட்கார்ந்திருந்தார்கள். மொழி தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்ததாகச் சொல்லும்போது நாடாவிலும் சிரிப்பு வரும். ரமலானில் பகல் இரவாகி இரவு பகலாவது, பாலைவன மழையில் ஊரே குடையில்லாமல் வெளியே வந்து நிற்பது, தென்னிந்தியர் யாராக இருந்தாலும் 'மலபாரி' என்றே கூப்பிடுவது எல்லாம் ஆயாவுக்கு மனப்பாடம். கீரைக்காரியிடம் குப்பூஸ் ரொட்டி எப்படிச் சுடுவது என்று விளக்குவார்.

ஒரு கதையை மட்டும் இரண்டு கேசட்டில் சொன்னார். ஏசி ரிப்பேருக்கு ஒரு சவுதி வீட்டுக்குப் போகிறார். மணியடித்துவிட்டு, வீட்டுப் பெண்கள் உள்ளே போகும்வரை தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். வேலை முடிய மதியமாகிவிட்டது. வீட்டுக்காரர் விடவில்லை. தரையில் விரிப்பு போட்டு, நடுவே ஒரே பெரிய தாம்பாளத்தில் கப்சா சோறும் ஆட்டுக்கறியும். வீட்டுக்காரர், அவர் அண்ணன், இரண்டு பிள்ளைகள், கூடவே சித்தப்பா. எல்லோர் கையும் ஒரே தட்டில். நல்ல கறித்துண்டாகப் பார்த்து வீட்டுக்காரர் இவர் பக்கம் தள்ளித் தள்ளி வைக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, மெட்ராஸில் தான் ஏசி மாட்டப் போன வீடுகளில் தண்ணீர் கேட்டால் எந்த டம்ளரில் கொடுப்பார்கள் என்று ஆயாவிடம் கேட்டார். பதிலை அவரே சொல்லவில்லை. ஹாலில் யாரும் சொல்லவில்லை. அதே நாட்டில்தான் அவருடைய பாஸ்போர்ட்டை ஸ்பான்சர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் என்பதையும், கையில் இக்காமா என்ற தங்கும் அனுமதி இல்லாமல் தெருவில் இறங்கினால் போலீஸ் பிடிக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்வார். வளைகுடாவைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்த இரண்டும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மறு ஜனவரியில் போர். குவைத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில்தான் தம்மாம். பக்கத்திலுள்ள தஹ்ரானில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய விமானத்தளம். ஸ்கட் ஏவுகணைகள் அந்தப் பக்கம் வந்து விழுந்தன. பிப்ரவரி 25 அன்று அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கூடத்தில் ஒன்று விழுந்து 28 பேர் இறந்தார்கள். அந்த வாரங்களில் சித்தப்பா பதிவு செய்த கேசட், போர் முடிந்து, அவர் நன்றாக இருக்கிறார் என்று போன் வந்து, எல்லோரும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்தபிறகு வந்தது. பேச்சின் நடுவே சைரன் ஊதுகிறது. "இருங்க, வந்துட்றேன்" என்கிறார். கதவு சாத்தும் சத்தம். அதன்பின் அந்தப் பக்கம் தீரும்வரை ஏசி மட்டும் ஓடுகிறது. ஆள் பத்திரமாக இருப்பது தெரிந்தும் ஆயா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். யாராலும் அவரிடம் காலத்தை விளக்க முடியவில்லை.

இதெல்லாம் ஏ சைடு. பி சைடு சித்தியுடையது. அறை ஒன்று, ஹால் ஒன்று என்ற வீட்டில் அரை மணி நேரத் தனிமை சாதாரண விஷயமில்லை. அன்றைக்கு எங்களை காந்தி மண்டபத்துக்கு மான் பார்க்க அனுப்பிவிடுவார்கள். ஆயா தானாகவே எதிர்வீட்டுக்குப் போய்விடுவார், கேட்டால் முறுக்குக்கு மாவு கடன் வாங்கப் போனதாகச் சொல்வார். மலையாளத்தில் எஸ்.ஏ. ஜமீல் எழுபதுகளில் 'துபாய்க் கத்துப் பாட்டு' என்று, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதத்தைப் பாட்டாகவே எழுதிப் பாடினார். பிறகு கணவனின் பதிலும் வந்தது. அந்தப் பாட்டு கேரளம் முழுக்க ஒலித்தது. சித்தியின் பி சைடை சித்தப்பாவைத் தவிர யாரும் கேட்டதில்லை. இனியும் முடியாது. ஏனென்றால் பதிலை அதே கேசட்டில்தான் பேசி அனுப்புவார்கள். கடிதத்தை அழித்துத்தான் பதில் எழுத முடியும் என்ற விதி வேறு எந்தக் கடிதத்துக்கும் இருந்ததில்லை. லட்சக்கணக்கான பேர் இவ்வளவு காலம் பேசியும் ஆவணக்காப்பகங்களில் பெரிதாக எதுவும் தேறாமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கேசட் கடிதத்தின் சாவுக்குக் காரணம் என்று மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்தைச் சொல்வார்கள். அங்கே சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அது செலவைக் குறைக்கவில்லை, பேச்சைக் குறைத்தது. "நல்லா இருக்கியா, பணம் வந்துச்சு, வைக்கட்டுமா." கதைக்கெல்லாம் இன்னமும் கேசட்தான் வேண்டியிருந்தது. 2002இல் வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்து கட்டணம் சரிந்தது, கைக்குக் கை செல்போன் வந்தது. தினமும் பேச முடிந்தது. தினமும் பேசுபவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கும்? சோறா சப்பாத்தியா, வெயிலா, தலைவலி போச்சா. சவரக்கடை இருட்டைச் சொல்ல ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் ஒருவர் நடுவில் புகுந்து கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதைச் சொல்கிறார்.

இதை அழுகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தா இறந்த செய்தி தந்தியில் போய்விட்டது. அவர் தன் குரலில் "எப்போடா வருவ" என்று கேட்ட கேசட் அதற்குப் பிறகுதான் தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமையை எந்த மகனுக்கும் நான் விரும்பமாட்டேன். இன்றைய வீடியோ கால் ஆயிரம் மடங்கு கருணையுள்ளது. ஆனால் ஒருவர் அரை மணி நேரம் குறுக்கீடில்லாமல் பேச, இன்னொரு பத்துப் பேர் பதில் பேச வழியில்லாமல் உட்கார்ந்து கேட்ட ஏற்பாடு ஒன்று இருந்தது. செத்தது அது. நாடா வெறும் உடம்பு.

உடம்பு போனது 2015 டிசம்பரில். முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்ததாக அரசே சொன்னது. அடையாறு கரை தாண்டி சித்ரா நகர், ரிவர் வியூ சாலை, ஹவுசிங் போர்டு என்று பேதம் பார்க்காமல் ஏறியது. சித்தி சில கேசட்டுகளை அழிக்கவிடாமல், பற்களை உடைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். சைரன் கேசட்டும் அதில் ஒன்று. பரணில் வைத்திருந்தால் தப்பியிருக்கும். பீரோவின் கீழ்த்தட்டில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நகையைக் கழுவி எடுத்தோம். காந்தப் பதிவைத் தண்ணீர் அழிக்காது, துடைத்து உலர்த்தி வேறு கூட்டில் மாற்றினால் பாடும் என்று அண்ணாசாலை ரேடியோக் கடைக்காரர் சொன்னார். அதற்குள் சகதி உள்ளேயே இறுகி, பூஞ்சை பிடித்துவிட்டது. மெத்தையோடும் டிவியோடும் சேர்த்து மாநகராட்சி லாரியில் போயின.

சித்தப்பா சொன்ன சவுதியும் அநேகமாகப் போய்விட்டது. 2018இல் அங்கே சினிமாக் கொட்டகை திறந்தார்கள், பெண்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். தொழுகை நேரத்தில் கடையை மூடியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

அவருடைய மகன் இப்போது துபாயில். அங்கே வாட்ஸப்பில் பேச முடியாது, அழைப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் குரல்பதிவு அனுப்பலாம். சித்திக்கு இது சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு, போனை ஸ்டூல்மேல் நிமிர்த்தி வைத்து, ஹவுசிங் போர்டை இடித்துக் கட்டப்போகும் பேச்சிலிருந்து அடுத்த வீட்டுக் கல்யாணம் வரை ஒரே மூச்சில் பேசி அனுப்புகிறார். மகன் நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் கேட்கிறான். மெட்ரோவில் போகும்போது, இரண்டு மடங்கு வேகத்தில்.