டைமிங் செயின்: வடசென்னை மோட்டார் தொழிலின் வழியே ஒரு வரலாறு

டைமிங் செயின் என்பது காரின் எஞ்சினுக்குள் கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைத்து ஓடும் எஃகுச் சங்கிலி. கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது கேம் தண்டு ஒரு முறை சுற்ற வேண்டும். இதற்காகக் கிராங்கில் உள்ள பல்சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் கேம் தண்டின் பல்சக்கரத்தில் இருக்கும். பிஸ்டன் எந்த நிலையில் இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதை இந்த இணைப்புதான் காக்கிறது. செயின் தொய்யாமல் பார்த்துக்கொள்ளும் பாகம் டென்ஷனர். செயின் அசையாமல் வழிகாட்டும் நீண்ட கட்டைகளுக்குக் கைடு என்று பெயர்.

"செயின் எஞ்சினின் ஆயுள் வரைக்கும் வரும், மாற்றத் தேவையில்லை" என்ற கருத்து வாகன ஓட்டிகளிடையே பரவலாக உண்டு. இது பழைய எஞ்சின்களின் அனுபவத்திலிருந்து வந்த கருத்து. அந்த எஞ்சின்கள் மாறிவிட்டன, ஆனால் கருத்து மாறவில்லை. டைமிங் செயினை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு விடை காண, அது எப்படி மாறி வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தோற்றம்

இன்றைய உருளைச் சங்கிலியின் தந்தை ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் தொழில் செய்த இவர், 1880-இல் புஷ்ஷும் உருளையும் கொண்ட சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய சங்கிலிகளில் மெல்லிய தகடுகளே ஊசியின் மேல் நேரடியாக உராய்ந்தன. ரெனால்ட் ஊசியைச் சுற்றி ஒரு புஷ்ஷை வைத்து அந்த உராய்வை அகலமான பரப்பில் பரப்பினார். இதனால் சங்கிலி நெடுநாள் உழைத்தது. முதலில் நெசவாலை இயந்திரங்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் பயன்பட்ட இச்சங்கிலி, பின்னர் மோட்டார் எஞ்சினுக்குள்ளும் நுழைந்தது.

வடசென்னைக்கு வந்த எஞ்சின்கள்

துறைமுகமும் இரயில் பாதைகளும் அருகிலேயே இருந்ததால், வடசென்னை மோட்டார் தொழிலுக்கு ஏற்ற இடமாக அமைந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. இந்நிறுவனமே 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பூட்டத் தொடங்கியது. நகரின் தென்புறத்தில் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. மேற்கே அம்பத்தூரில் 1960-இல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்தோடு கூட்டாக டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவப்பட்டது. சங்கிலிகளைச் சென்னையிலேயே செய்யும் காலம் அதோடு தொடங்கியது.

இந்த எஞ்சின்கள் எல்லாம் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. புல்லட்டில் கேம்களைச் சுழற்றியவை பல்சக்கரங்கள். அதில் டைமிங் செயின் கிடையாது. கிராங்கிலிருந்து கிளட்சுக்குச் சக்தியைக் கொண்டுசெல்ல ஒரு செயின் இருந்தது. ஆஸ்டின் ஏ40, ஹெரால்டு ஆகிய கார்களில் கேம் தண்டைச் சுழற்றியது செயின்தான். ஏ40 எஞ்சினின் வழிவந்த பி.எம்.சி. பி-வரிசை எஞ்சின்தான் பின்னர் இந்தியச் சாலைகளை ஆண்ட அம்பாசடர் காரிலும் இருந்தது.

அந்தக் கால எஞ்சின்களில் கேம் தண்டு மேலே ஹெட்டில் இல்லை. கிராங்குக்குப் பக்கத்திலேயே, எஞ்சின் பிளாக்கின் உள்ளே இருந்தது. நீண்ட கம்பிகள் அங்கிருந்து மேலே சென்று வால்வுகளைத் தள்ளின. எனவே செயின் மிகக் குட்டையானது, தடிமனாகவும் இருந்தது. ஹெரால்டில் ஒரு வளைந்த எஃகுப் பட்டையே டென்ஷனராகப் போதுமானதாக இருந்தது. செயின் தேய்ந்தால் முன்மூடிக்குள் சலசலவென்று ஓசை வரும். அறுவதற்குப் பல மாதங்கள் முன்பே மெக்கானிக்கின் காதுக்கு அது எட்டிவிடும். மேலும் அந்த எஞ்சின்களுக்கு ஹெட் இறக்குதல், ரிங் மாற்றுதல், போர் போடுதல் என்று இடையிடையே பெரிய வேலைகள் வந்துகொண்டே இருந்தன. எஞ்சினைப் பிரிக்கும்போது செயினும் மாற்றப்பட்டுவிடும். "செயினுக்கென்று தனியாகச் செலவு கிடையாது" என்ற நம்பிக்கை பிறந்தது இவ்வாறுதான்.

பெல்ட் வந்த காலம்

வேகமாகச் சுழலும் எஞ்சின்கள் தேவைப்பட்டபோது கேம் தண்டு ஹெட்டின் மேலே ஏறியது. கிராங்குக்கும் கேமுக்கும் இடையே தூரம் கூடியது. இந்தத் தூரத்தைக் கடக்க 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார், பல்லுள்ள இரப்பர் பெல்ட்டைப் பயன்படுத்தியது. பெருமளவில் தயாரான கார்களில் டைமிங் பெல்ட் கொண்ட முதல் கார் இதுவே. பெல்ட் விலை குறைவு, ஓசை இல்லை, எண்ணெயும் வேண்டியதில்லை.

இந்தியாவில் 1983-இல் வந்த மாருதி 800 பெல்ட்டைப் பரவலாக்கியது. 1998-இல் அறிமுகமான டாடா இண்டிகாவின் டீசல் எஞ்சினிலும் பெல்ட்டே இருந்தது. சென்னையின் கால் டாக்சிகளாக இண்டிகாக்கள் பெருகியபோது, ஓட்டுநர்கள் ஒரு புதிய ஒழுங்கைக் கற்றார்கள்: பெல்ட்டுக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு உண்டு, அதைத் தாண்டவிடக் கூடாது. இரப்பர் முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும் என்பதால், 60,000 முதல் 1,00,000 கி.மீ.க்குள் மாற்றும்படி பல தயாரிப்பாளர்கள் கூறினர். அறுந்தால் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் இடித்து, வால்வு வளைந்துவிடும். அதன் பிறகு ஹெட்டை இறக்காமல் வண்டி நகராது.

மீண்டும் செயின்

2000-களில் செயின் திரும்பி வந்தது. பெல்ட்டை மாற்றும் செலவு வாடிக்கையாளருக்கு இல்லை என்பது விற்பனைக்கு ஏற்ற வாசகமாக இருந்தது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா ஆகியவற்றில் இருந்த ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினில் செயின் இருந்தது. டொயோட்டா எட்டியோஸ் டீசல், 2008-இல் வந்த மாருதியின் கே-வரிசை பெட்ரோல் எஞ்சின், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் காப்பா எஞ்சின் ஆகியவையும் செயினையே கொண்டிருந்தன. திருவொற்றியூரில் பல்சக்கரத்தோடு தொடங்கிய ராயல் என்ஃபீல்டும், 2016-இல் ஹிமாலயன் வண்டியில் ஹெட்டின் மேல் கேம் வைத்துச் செயினுக்கு மாறியது.

டாக்சி ஓட்டுநர் இண்டிகாவை விற்று டிசையரோ எட்டியோஸோ வாங்கியபோது, பெல்ட்டுக்கென்று எடுத்துவைத்த பணமும் கணக்கும் தேவையில்லாமல் போயின. ஆனால் புதிதாக வந்த செயின் பழைய அம்பாசடர் செயின் அல்ல. அது கிராங்கிலிருந்து ஹெட் வரை ஏறி இறங்கும் நீண்ட செயின். எடையும் உராய்வும் குறைய வேண்டும் என்பதற்காக அது மெலிந்திருந்தது. பிளாஸ்டிக் பூசிய கைடுகளின் மேல் ஓடியது. எஃகுப் பட்டைக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் அதைப் பிடித்திருந்தது. ஆக, செயினின் ஆயுள் எஃகின் வலிமையை விட எண்ணெயின் தரத்தையே அதிகம் சார்ந்ததாகிவிட்டது.

இதற்கு உலகளவில் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சில எஞ்சின்களில் செயின் முன்கூட்டியே தேய்ந்ததை அடுத்து, எண்ணெய் மாற்றச் சொல்லும் கணினி நிரலையே திருத்தி, இடைவெளியைக் குறைத்தது. ஃபோக்ஸ்வாகனின் சில பெட்ரோல் எஞ்சின்களில் டென்ஷனர் தொடர்பான புகார்கள் அமெரிக்காவில் வழக்கு வரை சென்றன. பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் எஞ்சினில் செயின் கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் அமைந்ததால், அதை மாற்றுவதே பெரும் வேலையானது.

செயின் எப்படி நீள்கிறது

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்வது வழக்கம். உண்மையில் எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் புஷ்ஷும் தேய்கின்றன. அந்தச் சிறு தேய்மானங்களின் கூட்டுத்தொகையே நீளமாகத் தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 100 கண்ணிகள் உள்ள செயினில் ஒவ்வொரு மூட்டும் 0.02 மி.மீ. தேய்ந்தால், மொத்த நீளம் 2 மி.மீ. கூடும். கேம் தண்டை இழுக்கும் பக்கத்தில் 40 கண்ணிகள் இருந்தால் அங்கு மட்டும் 0.8 மி.மீ. கூடும். கண்ணிக்கு 8 மி.மீ. இடைவெளி, கேம் பல்சக்கரத்தில் 36 பற்கள் என்று கொண்டால், ஒரு பல்லுக்கு 10 பாகை. ஆகவே 0.8 மி.மீ. என்பது கேமில் 1 பாகை, கிராங்கில் 2 பாகை தாமதம். தொய்வை டென்ஷனர் எடுத்துக்கொள்ளும். ஆனால் இந்தத் தாமதத்தை அதனால் சரிசெய்ய முடியாது. செயின் மேலும் தொய்ந்து ஒரு பல் தாவினால், கிராங்கில் ஒரேயடியாக 20 பாகை பிசகும்.

அழுக்கான எண்ணெயில் மிதக்கும் கரித்துகள்கள் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையே புகுந்து உப்புத்தாள் போல உராய்கின்றன. எண்ணெய் மட்டம் குறைந்தாலும், கசடு படிந்து வழிகள் அடைபட்டாலும் டென்ஷனருக்கு அழுத்தம் கிடைக்காது. தளர்ந்த செயின் கைடுகளை அடித்து உடைக்கும்.

கிலோமீட்டர் கணக்கின் குறை

வடசென்னையில் ஓடும் வண்டிக்கு ஓடோமீட்டர் முழு உண்மையையும் சொல்வதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னாலும், வியாசர்பாடி வழியே மூலக்கடை நோக்கிச் செல்லும் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை நெரிசலிலும் நிற்கும் காரின் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 750 சுற்று வீதம் நாளுக்கு 2 மணி நேரம் நின்றால் 90,000 சுற்றுகள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 3,000 சுற்று. எனவே நின்ற 2 மணி நேரமும் 30 கி.மீ. ஓடியதற்குச் சமம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9,000 கி.மீ. மீட்டரில் ஏறாமலே போகிறது. நிற்கும்போது செயினின் மேல் சுமை குறைவுதான். ஆனால் எண்ணெய் அழுத்தமும் குறைவு. ஆகவே எண்ணெய் மாற்றும் கணக்கிலாவது இந்த மறைந்த ஓட்டத்தைச் சேர்க்க வேண்டும். நெரிசலில் ஓடும் வண்டிகளைக் கடுமையான பயன்பாடு என்று பிரித்து, குறுகிய இடைவெளியில் எண்ணெய் மாற்றச் சொல்லும் கையேடுகள் பல.

எப்போது மாற்ற வேண்டும்

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் செயினுக்கு மாற்றும் கிலோமீட்டரைக் குறிப்பிடுவதில்லை. 1,50,000 கி.மீ. முதல் சோதித்துப் பார்ப்பது பணிமனைகளில் உள்ள வழக்கம். அது மாற்றியே தீர வேண்டிய எல்லை அல்ல. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய செயின் அதைத் தாண்டியும் உழைக்கும். எண்ணெயைத் தள்ளிப்போட்ட வண்டியில் அதற்கு முன்பே தேயும். பின்வரும் அறிகுறிகளே முடிவைச் சொல்லும்:

1. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் கரகரவென்ற ஓசை வந்து அடங்குதல். எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை டென்ஷனர் செயினைப் பிடிக்கவில்லை என்பது பொருள். இந்த நிலையில் டென்ஷனரையும் எண்ணெய் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

2. எஞ்சின் சூடான பிறகும் ஓசை நிற்காதிருத்தல். செயினோ கைடோ தேய்ந்துவிட்டது. வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

3. எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0016 போன்ற குறியீடு வருதல். கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பிசகியுள்ளன என்பதை இது காட்டும். சென்சார், வயர் பழுதாலும் இது வரக்கூடும் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும்.

4. பழைய எண்ணெயிலோ ஃபில்டரிலோ உலோகத் துகள்களும் பிளாஸ்டிக் துண்டுகளும் காணப்படுதல்.

5. டென்ஷனரின் தண்டு ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்திருத்தல், அல்லது அளந்து பார்க்கையில் செயின் பணிமனைக் கையேடு தரும் நீள எல்லையைத் தாண்டியிருத்தல்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

செயினை மட்டும் மாற்றுவது அரை வேலை. செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களின் மேல் புதிய செயினைப் போட்டால் புதிய செயினும் விரைவில் தேயும். பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய செயின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தக்கதல்ல. அதன் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.

பூட்டிய பின், ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கை ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் புதிய எண்ணெயும் ஃபில்டரும் அவசியம்.

சொந்த டாக்சி ஓட்டுபவருக்கு இது வெறும் இயந்திரச் செய்தி அல்ல. ஓசை கேட்ட வாரத்தில் மாற்றினால் ஓரிரு நாள் வருமானமும் ஒரு தொகுப்பின் விலையும் போகும். செயின் தாவிய பிறகு என்றால் வால்வு, ஹெட், சில சமயம் பிஸ்டன் வரை செலவு ஏறும். வண்டி பல நாள் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. அம்பாசடர் காலத்தில் எஞ்சினைப் பிரிக்கும் வேலையே செயினையும் காத்தது. இன்றைய எஞ்சின் அவ்வளவு எளிதில் பிரிக்கப்படுவதில்லை. ஆகவே எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஒரு சிறு குறிப்பேடும், காலை ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் காது கொடுப்பதும் அந்தக் காவலைச் செய்ய வேண்டியிருக்கிறது.