திமிலும் கோடும்: விலங்கின் உடலில் எழுதப்பட்ட உழைப்புக் கணக்கு

ஒட்டகத்துக்குத் திமில் எப்படி வந்தது, அணிலின் முதுகில் கோடு எப்படி விழுந்தது, காக்கை ஏன் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது என்று சொல்லும் கதைகளை நாட்டார் வழக்காற்றியலார் காரணக் கதைகள் என்ற தலைப்பின் கீழ் வைப்பது வழக்கம். ஸ்டித் தாம்சனின் கதைக்கூறு அடைவு, விலங்குகளின் இயல்புகளுக்கான காரணங்களுக்கு மட்டும் ஏ2200 முதல் ஏ2599 வரையிலான எண்களை ஒதுக்கியிருக்கிறது. இந்த வகைப்பாட்டுக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. உலகைப் பார்த்து வியந்த மனிதன் ‘ஏன்’ என்று கேட்டான். அறிவியல் வரும்வரை கதை அதற்கு விடை சொல்லி வந்தது என்பதே அது. அப்படியானால் விடை தெரிந்தவுடன் கதை உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் மரபணு பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியரே தம் பேரப்பிள்ளைக்கு அணில் கதையைச் சொல்கிறார். இக்கதைகளுள் மிகவும் பரவியவை காரணம் சொல்வதைவிடக் கணக்குச் சொல்லவே பிறந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். யார் உழைத்தார், யார் மறுத்தார், யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது, யாரிடம் இன்னும் என்ன பாக்கி என்பதை அவை பதிகின்றன. பதிவேடு விலங்கின் உடல். இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் பின்னணியில் வைத்துப் படிக்கும்போது இது துலக்கமாகத் தெரிகிறது. ஒவ்வொரு நாளின் உழைப்பும் நிறுக்கப்பட்டு, எழுதப்பட்டு, கழிக்கப்பட்டு வந்த இடம் அது. இராமாயணக் கதையின் தடங்கள் பாறையிலும் மண்ணிலும் காட்டப்படுகிற இடமும் அதுவே.

பம்பாயில் 1865இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒட்டகக் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1898 தொடக்கத்தில் ஒரு சிறுவர் இதழில் வெளிவந்து, 1902இல் ‘ஜஸ்ட் ஸோ ஸ்டோரீஸ்’ தொகுப்பில் சேர்ந்த கதை அது. உலகம் புதிதாக இருந்த காலத்தில் குதிரையும் நாயும் எருதும் மனிதனுக்கு வேலை செய்கின்றன; ஒட்டகம் மட்டும் பாலைவனத்தில் சும்மா இருக்கிறது. மூன்று நாளும் நாளுக்கு ஒன்றாக மூன்று விலங்குகள் வந்து அழைக்க, மூன்று முறையும் அது முனகலையே பதிலாகத் தருகிறது. அதன் பங்கையும் சேர்த்து மற்ற மூன்றும் இரட்டிப்பாக உழைக்க வேண்டுமென்று மனிதன் சொல்லிவிடுகிறான். பிறகு பாலைவனத்தின் பூதம் வந்து ஒட்டகத்தின் முதுகை ஊதிப் பெருக்கவைக்கிறது. தவறவிட்ட மூன்று நாளை ஈடுசெய்ய, இனி மூன்று நாள் தின்னாமல் உழைக்க அதனால் முடியும் என்பதே திமிலின் பயன். கதை அத்தோடு நிற்பதில்லை. அந்த மூன்று நாள் பாக்கியை ஒட்டகம் இன்றுவரை தீர்க்கவில்லை என்கிறது. குழந்தையைச் சிரிக்கவைக்க எழுதப்பட்ட கதைக்குள் பொருளியலைத் திணிக்கலாமா என்று கேட்பவர்கள் இந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். நாள்கணக்கு, ஈடு, தீராத பாக்கி எல்லாம் கதைக்குள்ளேயே உள்ளவை. வாசகர் வெளியிலிருந்து கொண்டுவந்தவை அல்ல.

திமில் ஒரு கடன் பத்திரம். அதைக் கடன்பட்டவனே சுமக்கிறான். அதன் பலனைக் கொடுத்தவன் அனுபவிக்கிறான். கிப்ளிங் இதை எழுதிய காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் இதே தர்க்கத்தில் அமைந்த ஒரு காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது. துண்டு என்று அழைக்கப்பட்ட அந்தச் சீட்டு, தொழிலாளி, ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியிடம் பட்டிருந்த கடன் இவ்வளவு என்றும், அதைச் செலுத்துகிற தோட்டத்துக்கு ஆளை விட்டுவிடலாம் என்றும் சொன்னது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த செலவும் முன்பணமும் கடனாக ஏறியிருக்க, புதிய தோட்டம் பழைய கடனை வாங்கிக்கொள்ளும். ஆள் கடனோடு சேர்ந்தே இடம் மாறுவார். 1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது. கிப்ளிங் துண்டை நினைத்து எழுதினார் என்பதல்ல என் வாதம். அதற்குச் சான்று தேடவும் தேவையில்லை. உழைப்பை நாளாக எண்ணி, தவறிய நாளைக் கடனாக்கி, கடனை ஆளோடு பிணைக்கும் சிந்தனை அந்தப் பேரரசில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்றால், அது குழந்தைக் கதையின் வேடிக்கையாகவே புழங்க முடிந்தது.

அணிலின் கணக்கு வேறு. சேது கட்டும்போது குரங்குகள் மலைகளைப் புரட்டிக்கொண்டு வர, அணில் நீரில் நனைந்து மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டிய மணலைக் கொண்டுபோய் உதறியது. இராமன் அதைத் தடவிக்கொடுக்க, மூன்று விரல்களின் தடம் முதுகில் கோடாக நின்றது என்பது நாம் அறிந்த வடிவம். வால்மீகியில் இது இல்லை; கம்பனிலும் இல்லை. தமிழில் இதன் மிகப் பழைய சுவடு தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் கிடைக்கிறது. அவர் கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார். அங்கே அணில் நீராடுகிறது, மணலில் புரள்கிறது, கடலை அடைக்க ஓடுகிறது. அந்தக் கள்ளமற்ற அணிலுக்குக்கூடத் தாம் ஈடில்லை என்று ஆழ்வார் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். ஆனால் அந்தப் பாசுரத்தில் இராமன் அணிலைத் தடவுவதில்லை, கோடு விழுவதில்லை. இது சிறிய வேறுபாடு அல்ல. கோட்டைக் கண்டு வியந்து காரணம் தேடியதால் கதை பிறந்திருந்தால், கதையின் முதல் பதிவில் கோடு இருந்திருக்க வேண்டும். நமக்குக் கிடைக்கும் சான்றில் வேலைதான் முதலில் வருகிறது. பக்திப் பாடலுக்கு அணிலின் ஊழியம் போதுமானதாக இருந்தது. வாய்மொழியில் கதை சொன்னவர்களுக்குப் போதவில்லை. செய்த வேலைக்கு எதுவும் கிடைக்காமல் அணிலை அவர்களால் அனுப்பிவிட முடியவில்லை. கோடு என்பது பின்னால் வந்து சேர்ந்த ஊதியம்.

வட அமெரிக்காவின் இரோகுவா மக்களிடமும் கோடுடைய சிறு அணில் வகையொன்றைப் பற்றி இதே வடிவில் ஒரு கதை உண்டு. அது கரடியைக் கேலி செய்துவிட்டு ஓடும்போது கரடியின் நகம் முதுகைக் கீறிவிடுகிறது. கோடு அந்தக் காயத்தின் வடு. முதுகில் இழுத்த விரல் என்ற படிமம் இரண்டிலும் ஒன்றே; ஒன்று தண்டனை, மற்றது வருடல். உடலில் கண்ட வடிவம் கதையின் திசையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உயிரியலும் இங்கே கைகொடுக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நாம் அதிகம் காணும் அணிலுக்கு மூன்று கோடு. வட இந்திய இனத்துக்கு ஐந்து. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வாழும் இன்னொரு இனத்தில் கோடுகள் மங்கிக் கிடக்கின்றன. கைக்கு ஐந்து விரல் இருப்பதால் மூன்றுக்கும் ஐந்துக்கும் கதை பொருந்திக்கொள்ளும். எதற்கும் பொருந்துகிற விளக்கம் விளக்கமே அல்ல என்று 1979இல் கூல்ட், லெவான்டின் என்ற இரு பரிணாம உயிரியலாளர்கள் தம் துறையினரைக் கண்டித்தபோது, அத்தகைய விளக்கங்களுக்கு ஏற்கெனவே கிப்ளிங்கின் தலைப்பே வசைப்பெயராகிவிட்டிருந்தது. அறிவியலுக்கு அந்தக் கண்டனம் நியாயம். கதைக்கு அது குறையே இல்லை, ஏனெனில் கதை அந்தப் போட்டியில் இறங்கவில்லை.

கதையின் அக்கறை கணக்கில். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். கொழுந்து நிறுக்கும்போது நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். நாள் முழுதும் மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவில் நின்றவரின் உடல் முழு நாளைச் செலவழித்திருக்கும். நாள்வேலைப் பதிவேடான செக்ரோலில் பாதி நாள்தான் இருக்கும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட பிறகும், பறிக்க வேண்டிய கிலோ எவ்வளவு என்பதில்தான் சச்சரவு தொடர்ந்தது. இந்தத் தராசில் அணிலை நிறுத்திப் பார்த்தால் கதையின் பொருள் கூர்மையடைகிறது. குரங்கு கொண்டுவந்த மலைக்கு முன் அணிலின் மணல் எந்தத் தராசின் முள்ளையும் அசைக்காது. கதை கேட்பது அந்த நிறையை அல்ல. அந்த உடலுக்கு இயன்றது முழுவதும் வந்ததா என்பதை. அரைப் பேர் என்ற ஒன்றை அணில் கதையில் எழுதவே முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வருடிக்கொடுப்பது கூலியல்ல, ஏழைக்குப் பாராட்டைக் கொடுத்துக் காசை மறுக்கும் தந்திரத்தைத்தானே இந்தக் கதை இனிப்பாக்கித் தருகிறது? முதலாளிக்கு இதைவிட விருப்பமான கதை எது? இந்த மறுப்பில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். அப்படிப் பயன்படுத்த இக்கதை எளிதில் இடம்கொடுக்கிறது. ஆனால் அந்த வாசிப்பு கோட்டைக் காணாமல் வருடலை மட்டும் காண்கிறது. வருடல் ஒரு கணத்தில் முடிந்துவிடும். கோடு நிற்கிறது, பிள்ளைகளுக்கும் இறங்குகிறது, யாரும் அதைத் திரும்பப் பெற முடியாது. அது பாராட்டாகத் தொடங்கிப் பதிவாக முடிகிறது. பதிவு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி, இந்தத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் வாழ்வைத் தீர்மானித்த கேள்வி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடம்கூடத் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கான சான்றை எதிர்பார்த்தது. தோட்டத்தின் வரிசைவீடுகளான லயங்களில் பிறந்தவர்களின் முன்னோருக்கு அத்தகைய பத்திரங்கள் பெரும்பாலும் இல்லை. அவர்கள் எத்தனை நாள் உழைத்தார்கள் என்பது தோட்ட அலுவலகமான கந்தோரின் ஏடுகளில் இருந்தது. அந்த ஏடு அவர்களுடையது அல்ல. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தபோதும் மனிதர்கள் தொகையாகத்தான் எண்ணப்பட்டார்கள். சேது கட்டியதற்கான சான்றைத் தன் முதுகிலேயே வைத்திருக்கும் அணில் எந்தக் கந்தோர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. இந்தத் தற்சாசனம்தான் கதையின் உள்ளடக்கம். தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே அது கதைக்குள் வந்துவிட்டது. ஆகவே மலையகத்துக்காக எழுதப்பட்ட உருவகமாக இதைக் காட்டுவது பிழை. மலையகம் தரும் வெளிச்சத்தில் கதையின் ஏற்கெனவே உள்ள அமைப்பு தெரிகிறது, அவ்வளவே.

இன்னொரு மறுப்பு: தமிழ்க் கதையை மென்மை என்றும் ஆங்கிலக் கதையைக் கொடுமை என்றும் பிரிப்பது எளிய பெருமை, நம் மரபிலும் உடலில் தண்டனை எழுதும் கதைகள் உண்டு. உண்டுதான். சீதையைக் கொத்திய காக்கையின் மேல் இராமன் புல்லை அத்திரமாக ஏவ, அது மூவுலகும் ஓடி அடைக்கலம் கிடைக்காமல் திரும்பி வந்து ஒரு கண்ணை இழக்கிறது. வால்மீகியில் இதை அசோகவனத்தில் அனுமனிடம் சீதையே சொல்கிறாள். காக்கையின் கண்ணை விளக்குவதற்கு அல்ல, தன்னைக் கண்டதற்கு இராமனிடம் காட்டும் அடையாளமாக. விளக்கக் கதைகளில் புகழ்பெற்ற ஒன்று விளக்கத்துக்காகச் சொல்லப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தண்டனையைப் பொறுத்தவரை, காக்கை உயிருக்கு ஈடாகக் கண்ணைக் கொடுத்தவுடன் கணக்கு முடிகிறது. எஞ்சிய ஒரு கண்மணியே இரு புறமும் உருண்டு பார்க்கும் என்று வழக்கு அதற்கு வழியும் செய்துவிடுகிறது. ஒட்டகத்தின் மூன்று நாளோ முடிவதே இல்லை. பிரிவு மென்மைக்கும் கொடுமைக்கும் இடையில் இல்லை; தீரும் கணக்குக்கும் தீராத கணக்குக்கும் இடையில் இருக்கிறது.

அந்த அசோகவனம் நுவரெலியாவிலிருந்து பதுளை போகும் வீதியில் சீதாஎலியவில் இருந்ததாக ஐதிகம். ஓடைப் பாறையின் குழிகளை அனுமனின் பாதம் என்பார்கள். அங்குள்ள மேல்மண் கரியதாக இருப்பதை அவன் வாலின் தீயோடு சேர்த்துச் சொல்வார்கள். குளிரும் ஈரமும் மிகுந்த அந்த உயரத்தில் இலைதழை மெதுவாக மக்குவதால் மண் கறுத்திருக்கிறது என்பது மண்ணியல் விடை. இவையெல்லாம் சுற்றுலாவுக்காக ஊதப்பட்டவை என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. இராமாயணத் தடம் என்ற பெயரில் இவ்விடங்கள் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. ஆனால் விற்பனை எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே நமக்குச் சான்று. பாதம் பதித்த பெரிய வீரனுக்குப் பாறை கிடைத்திருக்கிறது. மணல் சுமந்த அணிலுக்கு இத்தடத்தில் ஓர் இடமும் இல்லை.

அனுமனின் கணக்கும் முழுமையானதல்ல. அனுமனின் இனமாகக் கருதப்படும் சாம்பல் நிற மந்தியின் முகமும் கைகளும் கறுத்தது இலங்கையை எரித்த தீயால் என்று இந்தியாவில் பரவலாகச் சொல்வார்கள். சீதாஎலியவுக்கு அருகே, 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய ஹக்கல பூங்காவை ஒட்டிய காட்டில் அடர்ந்த மயிருள்ள இன்னொரு கருமுக மந்தி வாழ்கிறது. அதன் முகத்துக்கும் இந்தக் கதை தடையின்றிப் பொருந்தும். இந்தக் கருமை கடனுக்காக ஏறிய திமில் இல்லை, உழைப்புக்காகக் கிடைத்த கோடும் இல்லை, குற்றத்துக்காகப் போன கண்ணும் இல்லை. பிறர் காரியத்துக்குப் போன இடத்தில் பட்ட தீக்காயம் அது. வாய்மொழி அணிலுக்குக் கோட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்தது. மந்திக்கு அப்படி எதையும் சேர்க்கவில்லை. வேலையில் பட்ட காயத்துக்கு ஈடு என்ன என்ற வினாவை இக்கதைத் தொகுதி எழுப்பிவிட்டு, விடையின்றி மந்தியின் முகத்திலேயே விட்டுவைத்திருக்கிறது.